நெவில் ட்ரெகன்ஸாவின் அணைக்காத கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நெவில் ட்ரெகன்ஸா அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். டிஸ்கில் நீல விளக்கு எரிந்தது. உள்ளே சுற்றுகிற மெல்லிய சத்தமும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. உருவிவிட்டு மறுபடி செருகினார். விளக்கு எரிந்தது, சத்தம் கேட்டது, திரை அசையவில்லை.

பின்னால் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பெண்கள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மனைவி லினெட். இன்னொருத்தி லினெட்டின் அக்கா கோரல். கழுத்தில் ஒரு பட்டுத் துணியைச் சுற்றியிருந்தாள். கையில் குழந்தைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருந்தன.

அந்த டிஸ்கில் இருந்தது கோரலின் குரல்.

பத்தொன்பது நாட்களுக்கு முன் அடிலெய்டில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. புற்று வந்த குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஹெட்டி என்ற பெண் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லியிருந்தாள். அந்தப் பதிவுகளை வைத்துக் கோரலின் குரலையே ஒரு மென்பொருளுக்குள் செய்து கொடுப்பார்களாம். அவள் தட்டச்சு செய்தால் அது அவளாகவே பேசும். ஆனால் செய்பவர்கள் கொஞ்சம் பேர், காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இன்று மாலை நாலு மணிக்குள் பதிவுகளை இணையத்தில் ஏற்றிவிட்டால் இந்த வரிசையில் இடம். தவறினால் அக்டோபர் வரை பலகையும் மார்க்கரும்தான்.

யாரோ ஒரு மெல்லிய குரல்காரிக்கு இது நடந்திருந்தால் வேறு. கோரல் முப்பது வருடம் நெட்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவள். செவ்வாய்க்கிழமைதோறும் பௌல்ஸ் கிளப்பில் ஹவுஸி என்ற எண்சீட்டு விளையாட்டுக்கு எண் கூப்பிட்டவள். அவள் 'எழுபத்தேழு' என்றால் கார் நிறுத்துமிடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவனும் தன் சீட்டைப் பார்ப்பான். மைக்கை அவள் தொட்டு எங்கள் ஊர் மூண்டாவில் யாரும் பார்த்ததில்லை.

"வந்துச்சா?" என்றாள் லினெட்.

"வரும் வரும். கேபிளா இருக்கும். முதல்ல எப்பவும் கேபிளத்தான் பாக்கணும்."

கேபிளை மாற்றினார். பின்பக்கத் துளையில் செருகினார். முன்பக்கத் துளையில் செருகினார். இழுப்பறையிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்து, அதைத் துணியால் துடைத்து, ஊதி, அதையும் செருகினார். அந்த இழுப்பறையில் 1998 முதல் இந்த வீட்டுக்குள் வந்த எல்லா கேபிளும் இருந்தன. ஒன்றைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டார். ஏழு கேபிள் மாறியது. திரையில் ஒன்றும் மாறவில்லை.

மேஜையில் மார்க்கர் கிறீச்சிட்டது. கோரல் பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

'அணைச்சுட்டு மறுபடி போடேன்.'

நெவில் சிரித்தார். அவருக்கு அன்று காலை வந்த கடைசிச் சிரிப்பு அது.

"கோரல், அது உங்க விண்டோஸ் ஆளுங்க செய்யற வைத்தியம். தலைவலியா, அணைச்சுப் போடு. கால்வலியா, அணைச்சுப் போடு. இது லினக்ஸ். இங்க கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் சரி பண்ணுவோம்."

"கண்டுபிடி அப்ப. மணி பத்து," என்றாள் லினெட்.

நெவிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அடுத்து செய்தது எதுவும் புரியாது. வயது அறுபத்தொன்று. வாலரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் லாரி எடைபோடும் மேடையில் இருபத்தாறு வருடமாக வேலை. அறுவடை மாதங்களில் கோதுமை லாரிகள் சாலை ஓரம் வரை வரிசை கட்டி நிற்கும், ஓட்டுநர்கள் ஹார்ன் அடித்து உயிரை வாங்குவார்கள், நெவில் அசரமாட்டார். எடை முள் நிற்கும்வரை நிற்பார். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்வார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில்தான், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் எதையும் அவர் தொட்டதில்லை. தொடுகிறவர்களைச் சும்மா விட்டதும் இல்லை. பல் மருத்துவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டே, அந்த மருத்துவரின் கம்ப்யூட்டரில் ஓடுவது சரியில்லை என்று விளக்க முயன்ற மனிதர் அவர்.

எங்கள் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் சேர்த்து லினக்ஸ்காரர்கள் ஐந்து பேர். மாதம் ஒருமுறை கடைனாவில் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு: யாருடைய கம்ப்யூட்டர் நிறுத்தாமல், மறுபடி தொடங்காமல், அதிக நாள் ஓடுகிறதோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றால், செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரின் காற்றாடியை மரக்கட்டையில் அறைந்து வைத்தது. அதற்காக வளர்ந்த ஆட்கள் ஐந்து பேர் வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இதுவரை சாதனை வெர்ன் பாஸ்கோவுடையது, ஆயிரத்து இருநூறு நாள். நெவிலின் கம்ப்யூட்டர் அன்று காலை ஆயிரத்து நூற்று எண்பத்தேழில் இருந்தது.

அந்த எண்ணுக்காக லினெட் பட்ட பாடு தனிக் கதை. போன வருடம் புயலில் கரண்ட் போனபோது, கம்ப்யூட்டரின் பேட்டரி தீர்வதற்குள் வீட்டில் இருந்த ஒரே ஜெனரேட்டர் அதற்குப் போனது. ஃப்ரிட்ஜில் இருந்த இறால் கெட்டது. லினெட் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு முட்டை பொரித்தாள். கூடத்துக்கு வர்ணம் அடித்தபோது அந்த மூலைக்கு மட்டும் அடிக்கவில்லை, ஏனென்றால் மேஜையை நகர்த்தினால் பிளக் ஆடும். இன்றும் அங்கே பழைய மஞ்சள் சுவர்தான்.

பத்தரைக்கு நெவில் கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தார். முதலில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த டிஸ்குகளையெல்லாம் பட்டியல் போடச் சொன்னார். உள்ளே இருக்கும் டிஸ்க் மட்டும் வந்தது. மறுபடி தட்டினார், ஏதோ முதல்தடவை அதற்குக் காது கேட்காததுபோல. அதே பட்டியல் வந்தது.

"டிஸ்க்கே செத்துப்போச்சா?" என்றாள் லினெட்.

"வாயக் கழுவு. சுத்துது, கேக்கல?"

"எனக்குக் கேக்குது. உன் மிஷினுக்குக் கேக்கணும்ல?"

கோரல் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணிக்குக் கீழே இருந்து மூச்சு மட்டும் வந்தது. லினெட் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நிமிடம் நெவிலின் முதுகையே பார்த்த லினெட் பொறுக்க முடியாமல் எழுந்தாள். அவள் ஆரம்பப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, நெவில் ஏதோ படித்துக்கொண்டிருந்த நேரத்தில் டிஸ்கை உருவி அதில் செருகினாள். டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

"பாரு! என்னோடது உடனே கண்டுபிடிச்சிருச்சு. என்னமோ கேக்குது. 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யலாமா?'ன்னு. ஆமான்னு குடுக்கவா?"

நெவில் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்ததில் பேஸ்டி பலகாரம் வைத்திருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது.

"தொடாத! லினெட், கைய எடு! கைய எடுன்னா எடு!"

கேபிளைப் பிடுங்கி டிஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"எதுக்குய்யா இப்படிக் கத்தற? கேக்கத்தான செஞ்சேன்?"

"ஆமான்னு ஒரு தட்டு தட்டியிருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும். உன் லேப்டாப்புக்கு இதுல இருக்கறது படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியலன்னா வெறும் டிஸ்க்னு நினைச்சுக்கும், முட்டாப் பய மிஷினு."

"ஏன் படிக்கத் தெரியாது?"

நெவில் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். டிஸ்கை அவர் லினக்ஸ் முறையில் அமைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு பூட்டும் போட்டிருந்தார். பூட்டின் சாவி, அதாவது சாவியாக இருக்கும் ஒரு கோப்பு, இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. வெர்ன் பாஸ்கோவிடம் கொண்டுபோனாலும் திறக்காது.

"எங்க அக்கா வாசிச்சது என்ன, ராணுவ ரகசியமா? 'பூனை பாயில் தூங்குகிறது'ன்னு வாசிச்சா. அதுக்கு எதுக்குப் பூட்டு?"

"எல்லாத்துக்கும் போடறதுதான்."

"சரி, இது இல்லாட்டி இன்னொரு காப்பி இருக்கும்ல? நீதான் கிளப்புல வகுப்பு எடுத்தியே, எதுவா இருந்தாலும் மூணு எடத்துல வைக்கணும்னு. ஸ்லைடு எல்லாம் போட்டு. நான்தான் சாண்ட்விச் செஞ்சு குடுத்தேன். மத்த ரெண்டு எங்க?"

மற்ற இரண்டு எங்கும் இல்லை. லேப்டாப்பை ஹெட்டியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில், அதிலிருந்த பதிவுகளை நெவில் இந்த டிஸ்குக்கு எடுத்தார். நகல் எடுக்கவில்லை, அப்படியே நகர்த்தினார், வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று. லேப்டாப்பையும் துடைத்துக் கொடுத்தார். மற்ற இரண்டு இடங்களில் அன்று சாயங்காலம் வைப்பதாக இருந்தது. அன்று சாயங்காலம் கோரலை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி போன் வந்தது. அதன்பிறகு மறந்துபோனார். உலகத்துக்கே மூன்று நகல் சொல்லிக்கொடுத்த மனிதர், ஒரு மனுஷியின் குரலை ஒரே ஒரு டிஸ்கில் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்.

"இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் தரையைப் பார்த்து.

லினெட் குனிந்து உடைந்த தட்டைப் பொறுக்கினாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோரலின் மார்க்கர் மூடி போட்டபடி பலகைமேல் கிடந்தது.

பதினொன்றரைக்கு நெவில் திரும்பவும் உட்கார்ந்தார். இந்தமுறை கம்ப்யூட்டரின் நாட்குறிப்பைத் திறந்தார். அது எல்லாவற்றையும் எழுதி வைக்கும். எப்போது எது செருகப்பட்டது, எது உருவப்பட்டது என்று. டிஸ்கைச் செருகிவிட்டுப் பார்த்தார். 'புதிதாக ஒரு யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது' என்று அது எழுதியிருந்தது. தயாரித்தவர் பெயர், வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தன. ஆக வந்திருப்பது யார் என்று தெரிகிறது, ஆனால் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறது.

காரணத்தில் பாதி அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. லினக்ஸின் நடுவில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சாதனத்தையும் கையாள அதற்கு ஒரு சின்னத் துண்டு நிரல் வேண்டும். அவை ஒரு ஃபோல்டரில் இருக்கும். தேவைப்படும்போது கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்குக்கான துண்டை நெவில் வேலை முடிந்ததும் கையோடு இறக்கிவிடுவார். யாராவது திருட்டுத்தனமாக வந்து பென் டிரைவ் செருகிவிட்டால் என்ன செய்வது? மூண்டாவில், பால் வாங்கப் போகும்போது கதவைக்கூடப் பூட்டாத தெருவில், அவருக்கு இப்படி ஒரு பயம்.

சரி, துண்டை ஏற்றிவிடலாம் என்று கட்டளை தட்டினார்.

'அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

நெவில் திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். காது மடல் சூடாவது அவருக்கே தெரிந்தது. போன வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரின் உள் டிஸ்கில் இடம் குறைகிறது என்று சுத்தம் செய்ய உட்கார்ந்தார். மூன்று வருடமாக வந்த புதுக் கெர்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஃபோல்டர் ஃபோல்டராகக் குவிந்திருந்தன. அதற்கென்று இருக்கும் கருவியை விட்டால் அதுவே பார்த்துச் சுத்தம் செய்யும். நெவில் கருவிகளை நம்புவதில்லை. இருப்பதிலேயே பழைய எண் உள்ள ஃபோல்டர்களைத் தன் கையாலேயே அழித்தார். பழையது யாருக்கும் வேண்டாதது. ஊர் உலகத்தில் எந்த லினக்ஸ்காரன் வீட்டிலும் அது வேண்டாததுதான், இவர் ஒருவரைத் தவிர. ஏனென்றால் இவர் கம்ப்யூட்டரை ஆயிரத்து நூற்று எண்பத்தேழு நாளாக அணைக்கவில்லை. அணைத்துப் போட்டால்தான் புதுக் கெர்னல் வேலைக்கு வரும்; அதுவரை ஓடிக்கொண்டிருந்தது, இருப்பதிலேயே பழைய கெர்னல். அதன் சாமான்களைத்தான் குப்பையில் கொட்டியிருந்தார். வேறு யாரிடமாவது அந்தச் சாமான் கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்தக் கெர்னல் மூன்று வருடத்துக்கு முன் அவரே தன் ரசனைக்குச் செய்தது.

மீதி இருந்த வழி ஒன்றே ஒன்று. அணைத்துப் போட வேண்டும். புதுக் கெர்னல் எழுந்துவரும், அதன் ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது, டிஸ்க் ஒரு நொடியில் வந்துவிடும்.

இது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தபோது மணி பதினொன்று ஐம்பது. அதை அவர் வாய்திறந்து சொன்னபோது மணி ஒன்றரை. நடுவில் என்ன செய்தார் என்று கேட்டால் எனக்கே எரிச்சலாக வருகிறது. அழித்த கோப்புகளை மீட்கும் நிரலை ஓட்டிப் பார்த்தார். புதுக் கெர்னலின் துண்டை எடுத்துப் பழையதற்கு ஊட்டிப் பார்த்தார், அது துப்பிவிட்டது. மறுபடி இன்னொரு வகையில் ஊட்டினார், மறுபடி துப்பியது. லினெட் பூசணி சூப்பைச் சூடாக்கி அக்காவுக்குக் கொடுத்தாள். "எவ்வளவு ஆச்சு?" என்று நாலு தடவை கேட்டாள். "நெருங்கிட்டேன்," என்று நாலு தடவையும் சொன்னார். கடைசியில் தோட்டத்துப் பக்கம் போய், தூறலில் நின்றுகொண்டு, மில்டுராவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வெர்ன் பாஸ்கோவுக்கு போன் போட்டார்.

"வெர்ன், சும்மா ஒரு சந்தேகம். எனக்கு இல்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு." எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பக்கம் வெர்ன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "தெரிஞ்சவர் ஓடற கெர்னலோட ஃபோல்டரையே அழிச்சுட்டாரா?"

"ஆமா."

"அந்தத் தெரிஞ்சவருக்கு எத்தன நாள் ஆச்சு?"

"அது எதுக்கு உனக்கு?"

"நெவில், அணைச்சுப் போடுப்பா. வேற வழி கிடையாது."

"நீ அதத்தான் சொல்லுவ! இன்னும் பதினாலு நாள்ல உன் கோப்பை போயிரும்ல, நீ வேற என்ன சொல்லுவ?"

போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அந்தத் 'தெரிஞ்சவர்' தானேதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது உறைத்தது.

திரும்பி வந்தபோது லினெட் பின்கதவில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப உனக்குத் தெரியும். அணைச்சுப் போட்டா சரியாயிரும்னு தெரியும்."

"சொல்றதக் கேளு. மூணு வருஷமா ஓடற மிஷினு அது. பவர் சப்ளை கிழடு. இப்படிப்பட்டத நிறுத்தினா மறுபடி எழுந்திரிக்காமலே போறதுண்டு. எழுந்திரிக்கலன்னா சாவியும் உள்ள மாட்டிக்கும். பயமா இருக்குடி."

"பயந்தானா?"

"பயந்தான்."

"நெவில்."

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூறல் மட்டுமல்ல. "பாதி பயம்," என்றார். "பாதி அந்த நம்பரு. சொல்லவே அசிங்கமா இருக்கு."

"இதப் போய் என்கிட்ட சொல்லாத. உள்ள உக்காந்திருக்கா பாரு, அவகிட்ட சொல்லு."

சொன்னார். கோரலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஃபோல்டரை அழித்தது, காலையிலேயே அவள் எழுதிக் காட்டியதுதான் மருந்து, அது பகல் பன்னிரண்டுக்கு முன்பே தனக்குத் தெரியும், எல்லாவற்றையும் சொன்னார். பாதி பயம், பாதி நம்பர் என்பதையும் சொன்னார். கோரல் கேட்டுக்கொண்டே சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பலகையைத் துடைத்தாள்.

'எத்தன நாளு?'

"ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு."

அவள் அதற்குக் கீழே எழுதினாள். 'நான் பேசாம 19.'

பிறகு எழுந்து கம்ப்யூட்டர் அருகில் போய், பெட்டியின் பொத்தான்மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அடிப்பாவி, அப்படி இல்ல! முறையா அணைக்கணும். தள்ளு, நானே செய்றேன்."

"போட்டோ வேணா எடுத்துக்கயேன், நம்பரோட," என்றாள் லினெட்.

நெவிலுக்கு அந்த ஆசை இருந்தது. கை சட்டைப் பையிலிருந்த போன் வரை போய்த் திரும்பியது. கட்டளையைத் தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்தக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அழுத்தினார். உள்ளே காற்றாடி மெல்ல நின்றது. மூன்று வருடமாக அந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் போனதும், கூரையில் விழும் தூறல் கேட்டது. அணைந்த கம்ப்யூட்டரை அவர் மறுபடி தொடக்கினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். நெவிலின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: 'இந்த டிஸ்க் 1187 நாட்களாகச் சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கிறேன்.'

"என்ன சொல்லுது?"

"உடம்ப சோதிச்சுக்குதாம்."

"இப்பவா? இத்தன நாள் சும்மாதான கெடந்துச்சு? மணி ரெண்டாகப் போகுது!"

ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். நாற்பது நிமிடம் மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொன்றில் போய் அது நின்றுவிட்டது. நெவில் மெல்ல உதட்டைக் கடித்தார். லினெட் அவர் தோளை ஒரு குத்துக் குத்தினாள், கோபத்திலா தைரியம் சொல்லவா என்று தெரியவில்லை. எழுபத்திரண்டு வந்தது. இரண்டு முப்பத்தைந்துக்குக் கம்ப்யூட்டர் முழுதாக எழுந்தது. நெவில் டிஸ்கைச் செருகினார். கையை எடுப்பதற்குள் திரையில் அது வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல், சாதுவாக.

"சனியனே," என்றார் நெவில், வேறு ஒன்றும் சொல்லத் தோன்றாமல்.

பூட்டுத் திறந்தது. ஆயிரத்து அறுநூறு கோப்புகளும் இருந்தன. முதல் வேலையாக அவற்றை உள் டிஸ்குக்கு நகல் எடுத்தார், நகர்த்தவில்லை. பிறகு லினெட்டின் பென் டிரைவுக்கு ஒன்று, பூட்டு இல்லாமல். ஹெட்டி அனுப்பியிருந்த பக்கத்தைத் திறந்து ஏற்ற ஆரம்பித்தார். எங்கள் ஊர் இணையம் மழையில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஐம்பத்து மூன்றுக்குக் கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்தது. 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்தது. நெவில் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

லினெட் டீ போட சமையலறைக்குள் போனாள். அங்கே அவள் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றது கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

கோரல் நாற்காலியை இழுத்துப் போட்டு நெவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மவுஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோப்புகள் பட்டியலாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவள் கீழே, கீழே என்று நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் எண் இல்லாமல் பெயர் வைத்த சில கோப்புகள் இருந்தன. வாக்கியங்கள் முடிந்த பிறகு, அடிக்கடி கூப்பிடும் ஆட்களின் பெயர்களையும் வழக்கமாகக் கூப்பிடுவது போலவே பதிவு செய்யச் சொல்லியிருந்தாள் ஹெட்டி. பெயர்களை மட்டும் மென்பொருள் சரியாகச் சொல்லாதாம். பேரப்பிள்ளைகள் மூவர், நாய், பக்கத்து வீட்டுக்காரி. கோரல் ஒரு பெயரின்மேல் நிறுத்தினாள். அழுத்தலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். அழுத்தினாள்.

"லின்ன்னீ!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தங்கையைக் கூப்பிடுகிற கோரலின் அதே குரல், ஜன்னல் கண்ணாடி அதிர.

"இதோ வர்றேன்டி, கத்தாத!" என்றாள் லினெட் சமையலறையிலிருந்து.

பிறகு உள்ளே ஏதோ கரண்டி விழுந்தது. கோரல் மவுஸைப் பிடித்தபடியே இருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த யாரும் போகவில்லை.